அடைப்புக்குறிக்குள் ஒரு பாட்டு

நோவி சாத் நகரில் ஜூன் மாதம் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்ததிலிருந்து, பழைய சோப்பு ஆலை முற்றத்தில் கச்சேரிகள் ஏழு மணிக்கே தொடங்கிவிடுகின்றன. ஆறரைக்கே நான் மேடையை ஒட்டிய கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது வருடங்களாகச் சின்ன இசைக்குழுக்களைப் பற்றி இணையத்தில் ஒரு செய்திப் பக்கம் நடத்துகிறேன். எந்தக் குழுவிலிருந்து யார் விலகினார், யார் புதுப் பாட்டு பதிவு செய்கிறார் என்பதெல்லாம் இங்கே ஐயாயிரம் பேருக்கு முக்கியம்.

அன்று நாசிப் குழுவின் முறை. இரண்டு வருடங்களுக்கு முன் அவர்களுடைய வேன் கவிழ்ந்து டிரம்மர் ஓக்ன்யென் இறந்தான். அதன்பின் இதுதான் முதல் கச்சேரி. அவனுடைய அக்கா விஷ்ன்யா என் பள்ளித் தோழி. காலையில் அவளுக்கு போன் செய்திருந்தேன்.

"வரியாடி?"

"'ஏழாம் நம்பர் பஸ்' பாட்டப் பாடுவாங்களா?"

"தெரியல."

"பாடுனா வர்றேன். இல்லன்னா வந்து எதப் பாக்குறது? அவன் எடத்துல வேற எவனோ உக்காந்து அடிக்கிறதையா?"

ஓக்ன்யென் எழுதிய ஒரே பாட்டு அது. அக்கா வீட்டுக்கு அவன் வரும் பஸ்ஸைப் பற்றியது. பதிவு செய்யப்படவே இல்லை. மேடையில் நாலைந்து முறை பாடியதோடு சரி.

ஆறே முக்காலுக்கு ஒருவர் வந்து, பாடப்போகும் பாட்டுகளின் பட்டியலை மேடைத் தரையில் ஒட்டிவிட்டுப் போனார். முன்வரிசைக்காரர்கள் அதைத் தலைகீழாகப் படிக்கப் பழகியவர்கள். எல்லாக் கச்சேரிக்கும் வரும் பொகோல்யுப், பக்கத்தில் பியரோடு நின்றவர், என்னை இடித்தார்.

"பத்திரிகைக்காரம்மா, என்ன எழுதியிருக்கு? கண்ணாடிய வீட்டம்மா ஒளிச்சு வெச்சுட்டா."

"பதிமூணு பாட்டு. கோட்டுக்குக் கீழ ஒண்ணு."

கோட்டுக்குக் கீழே, கடைசியில் கூடுதலாகப் பாடும் பாட்டுக்கான இடத்தில், அடைப்புக்குறிக்குள், 'ஏழு' என்றிருந்தது. அடைப்புக்குறியின் அர்த்தம் எங்கள் எல்லாருக்கும் தெரியும்: உறுதியில்லை, பாடகர் அந்த நேரத்தில்தான் முடிவுசெய்வார். உடனே கைபேசியில் என் செய்திப் பக்கத்தில் போட்டேன்: 'இரண்டு வருடங்களுக்குப் பின், இன்று கடைசிப் பாட்டாக ஏழாம் நம்பர் பஸ்.' அடைப்புக்குறியை விட்டுவிட்டேன். விஷ்ன்யா பார்ப்பாள் என்றுதான் போடுகிறேன் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது பாட்டிலேயே, பட்டியல் கண்ணுக்கு எட்டாத பின்வரிசைகளிலிருந்து "ஏழு, ஏழு" என்று குரல் எழும்பியது. பாடகன் ரெல்யா முதலில் சிரித்தான்.

"பொறுங்கப்பா, இது பஸ் ஸ்டாண்டு இல்ல."

"டிக்கெட் வாங்கியாச்சு, வண்டிய எடு" என்றார் பொகோல்யுப். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒன்பதாவது பாட்டுக்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. குனிந்து தாளைப் பார்த்தான், பிறகு எங்களைப் பார்த்தான். பதிமூன்றாவது முடிந்ததும் நானூறு கைபேசிகள் உயர்ந்தன. முற்றமே ஏழு, ஏழு என்று கைதட்டிக் கேட்டது. ரெல்யா ஒலிவாங்கிக்கு அருகே போனான். டிரம்ஸ் பக்கம் ஒருமுறை திரும்பினான். பிறகு கிடாரைக் கழற்றித் தரையில் வைத்தான்.

"மன்னிச்சுக்கங்க. பாடணும்னுதான் இருந்தேன். இப்படிக் கேட்டா முடியல."

அவன் உள்ளே போனதும் சிலர் விசிலடித்தார்கள். மற்றவர்கள் பியர் வாங்கப் போனார்கள்.

மேடைத் தாளைப் பிய்த்துக்கொண்டு திரும்பினேன். வாசலருகே விஷ்ன்யா நின்றிருந்தாள். உடம்பில் பேக்கரியின் வெள்ளை ஏப்ரன், முழங்கைவரை மாவு.

"உன் செய்தியப் பாத்துட்டு கடையப் பாதியில பூட்டிட்டு டாக்சி புடிச்சு வந்தேன். கடைசிப் பாட்டுன்னு போட்டிருந்தியே, யாஸ்னா."

தாளை அவளிடம் நீட்டினேன். டிரம்மரின் அக்கா, அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அடைப்புக்குறி போட்டிருக்கு."

"ஆமா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

தாளை நான்காக மடித்து ஏப்ரன் பையில் வைத்தாள்.

"எனக்கு மட்டும் போன்ல சொல்லியிருக்கலாம்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செய்தியைத் திருத்தி அடைப்புக்குறியைச் சேர்த்தேன். பழைய செய்தியை அதற்குள் எழுநூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். திருத்தத்தை யாரும் பகிரவில்லை.