விளக்கு எரிந்த நாற்காலி

அன்னம்மா காலாங் ஆற்றுப் பக்கத்தில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். ஓய்வு நாளில் நாடகங்களில் நடிப்பாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் அப்துல் அலீம் எழுதிய தொலைக்காட்சி நாடகத்தில் அவளுக்கு முக்கிய வேடம் கிடைத்தது.

கதை இரண்டாயிரமாம் ஆண்டில் நடந்தது. தொழிலாளி நாற்காலியை விட்டு எழுந்தால் தலைக்கு மேல் விளக்கு எரியும். எரிகிற நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. கடைசியில் ஒருத்தி, வேலை முடிந்த பிறகும் எழப் பயந்து அப்படியே உட்கார்ந்திருப்பாள். அதுதான் அன்னம்மாவின் வேடம்.

நாடகம் ஒளிபரப்பான அன்று சமூக மன்றத்துத் தொலைக்காட்சி முன் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தது. பக்கத்து மெஷினில் தைக்கும் ஹலீமா கண்ணைத் துடைத்தபடி, "நம்ம கதைதான் லா அக்கா" என்றாள்.

மேலாளர் பரமசிவமும் வீட்டில் பார்த்திருந்தார். மறுநாள் கூப்பிட்டு மனதாரப் பாராட்டினார். அடுத்த மாதமே எலெக்ட்ரீஷியன்கள் வந்து ஒவ்வொரு மெஷினுக்கு மேலும், நாடகத்தில் வந்தது போலவே, எழுந்தால் எரியும் ஒரு பல்பு மாட்டினார்கள்.

"நீங்க நடிக்காம இருந்தா அவருக்கு இது தோணியிருக்குமா?" என்று கேட்டாள் ஹலீமா. அதன்பின் யாருமே அன்னம்மாவோடு சேர்ந்து சாப்பிடவில்லை.

பரமசிவம் அவளை மறுபடி கூப்பிட்டார். "புதுசா வர்ற பிள்ளைங்களை இந்த விளக்குக்கு நீயே பழக்கிவிடும்மா. நீ சொன்னா கேப்பாங்க."

"சார், அந்த நாடகத்தைப் பாத்து எல்லாரும் அழுதாங்க."

"நானும்தாம்மா அழுதேன். அதுக்காக ஆர்டரை நிறுத்த முடியுமா?"

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளைக் கலங்கடித்தது. திரும்பி வந்து தன் மெஷின் அருகே நின்றாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் உட்காரவில்லை. ஹலீமா ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த காலரை இழுத்து ஊசிக்கடியில் வைத்தாள். வேறு யாரும் எழவில்லை. மாலைக்குள் அன்னம்மாவுக்கு வேலை போயிற்று.

சிராங்கூன் சாலையில் ஒரு மசாலா அரவைக் கடையில் சேர்ந்தாள். சில மாதம் கழித்து அப்துல் அலீம் அங்கே தேடி வந்தார். நடந்ததெல்லாம் அவருக்கும் தெரியும். "முதலாளிங்க பாத்தா வெக்கப்படுவாங்கன்னு நெனச்சேன்மா" என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, புது நாடகம் ஒன்று யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னார். இது இன்னும் கொடுமையான காலத்துக் கதை.

மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே அன்னம்மா கேட்டாள்: "அண்ணே, அதை யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

"இல்லைம்மா."

"சொல்லிடாதீங்க."

அவர் போய்விட்டார். அந்த நாடகத்தை அவர் எழுதவேயில்லை.