இன்ஸ்டால் பாதியில் நின்ற நாள்

புதுக் கம்ப்யூட்டர் இரண்டாவது தடவையும் இன்ஸ்டால் பாதியில் உறைந்து நின்றதும், என் புருஷன் டில்லிபாபு என் தம்பி பரத்தின் காலரைப் பிடித்தார்.

"இன்னாடா, பழைய ரேமைச் சொருகிட்டு எனக்கே பட்டை நாமம் போட்றியா?"

"கைய எடு மாமா. எல்லாம் புதுசுதான். கம்முனு இரு, பாக்குறேன்."

நான் சாதி மாறிக் கட்டிக்கொண்டவள். அம்மா வீட்டில் என் பேரையே எடுப்பதில்லை. எங்கள் கள்ளிக்குப்பத்து வீட்டு வாசலை மிதிக்கும் என் பக்கத்து ஆள் பரத் ஒருவன்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் வேலை எனக்குக் கிடைத்ததும், பார்ட்ஸ் வாங்கிவந்து காலையிலிருந்து தரையில் உட்கார்ந்து மாட்டினான். இந்த மனுஷன் சும்மா இருந்தாரா? இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டராம். அவனைத் தள்ளிவிட்டு, பிராசஸர் சூட்டை இழுக்கிற கூலரை இவரே வைத்து முறுக்கினார்.

பரத் பென் டிரைவை மாற்றினான். ரேமை வேறு இடத்தில் சொருகினான். மறுபடியும் உறைந்தது. இவர் பளாரென்று அறைந்தார். அவன் இவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அவ்வளவுதான், கட்டிப் புரண்டார்கள். கீபோர்டு பறந்தது. நடுவில் புகுந்த எனக்கும் விலாவில் ஒரு உதை. இவர் கம்ப்யூட்டர் கேபினட்டின் தகர மூடியைத் தூக்கி அவன் வாயில் ஓங்கிப் போட்டார். முன்பல் ஒன்று ரத்தத்தோடு தரையில் விழுந்தது.

பரத் வாயைப் பொத்திக்கொண்டே கூலரைத் தொட்டுப் பார்த்தான்.

"ஜில்லுனு கீதுக்கா. சூடு மேல ஏறவே இல்ல. கழட்டு."

கழற்றினேன். அடியில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள், ஒட்டியது ஒட்டியபடி. எங்கள் ஃபிரிட்ஜ் கதவிலும் டிவி ரிமோட்டிலும் வாங்கிய அன்றைய கவர் இன்னும் இருக்கிறது. உரித்தால் இவருக்கு உயிரே போய்விடும்.

"கீறல் வுழும்னுதான் வுட்டேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு வெறி வந்ததோ! முகம், தோள், முதுகு என்று பார்க்காமல் கை எரிய எரிய அடித்தேன். "பேமானி! எனக்குன்னு இருந்தது அவன் ஒருத்தன்யா!" அவர் தடுக்கவில்லை.

பரத் பிளாஸ்டிக்கை உரித்தான். சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவிக் கூலரை மாட்டி இன்ஸ்டாலைத் தொடங்கினான். உறைந்த இடத்தைத் தாண்டிப் போனதும் எழுந்து செருப்பை மாட்டினான்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்டா. நானும் வரேன்."

"வாணாம்க்கா. மறுபடி நின்னுச்சுன்னா போன் பண்ணு, போன்லயே சொல்றேன். இந்த ஊட்டுக்கு இனிமே வர மாட்டேன்."

பைக் கிளம்பிப் போய்விட்டது. உள்ளேயிருந்து இவர், "ஷோபனா, கம்ப்யூட்டர் நல்லா ஓடுது, வந்து பாரு" என்று கூப்பிட்டார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தெருவே பார்க்க வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.