பிந்தி வரும் போற்றி

...இதோ மறுபடியும், எல்லாருடைய ‘போற்றி’யும் அடங்கிய பிறகு சுலோசனாவின் ‘போற்றி’ மட்டும், புறப்பட்டுவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடிவருகிற ஆள் மாதிரி, தனியாக இழுத்துக்கொண்டு வருகிறது. அதற்குள் முன்னால் உட்கார்ந்து போற்றியை எடுத்துக்கொடுக்கும் எல்லம்மா அக்கா அடுத்ததைத் தொடங்கிவிட, இரண்டு குரலும் முட்டிக்கொள்கின்றன, அம்மன் முகம்கூட ஹேமாவதியின் மனதில் நிற்கவில்லை. அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய இந்தச் சின்னக் கோயிலில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் கூடிப் போற்றி சொல்லும் இந்த வழிபாடு ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்... வீட்டில் என்ன இருக்கிறது, சுற்றுகிற ஃபேன், கழுவிக் கவிழ்த்த ஒரே தட்டு. மகன் அரவிந்தன் காட்டுப்பாக்கத்தில்தான் இருக்கிறான், நினைத்தால் வந்துவிடலாம், ஆனால் பெண்டாட்டி யுவராணியைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனதிலிருந்து வரவில்லை, ஃபோனையும் எடுப்பதில்லை. அவனுக்காக வேண்டிக்கொள்ளக் கண்ணை மூடினால் பக்கத்தில் இந்தக் குரல், நடுநடுவே செருமல் வேறு. காது மந்தமா, இல்லை அம்மன் தன்னைத் தனியாகக் கவனிக்கட்டும் என்றே இழுக்கிறாளா? யாரும் சொல்ல மாட்டார்களா?

போற்றி முடிந்து திரை விழுந்தது. சுலோசனா சுண்டல் எடுத்துவர உள்ளே போனாள். ஹேமாவதி எல்லம்மாவிடம் நகர்ந்து உட்கார்ந்தாள். “அக்கா, சுலோசனா அக்காவ மனசுக்குள்ளயே சொல்லிக்கச் சொல்லேன். நிம்மதியா கும்புட முடியல.”

எல்லம்மா விளக்குத் திரியைத் தூண்டியபடியே, கோபமில்லாமல் சொன்னாள். “அவளுக்குச் சொன்னா ஒனக்கும் சொல்லணும் ஹேமா. வாரா வாரம் ‘ச்சு, ச்சு’ன்னு நாக்கால உச்சுக்கொட்டிக்கினே கீற. ஒம் பக்கத்துல குந்த ஒருத்தியும் ஒத்துக்கல. சுலோசனாதான், அது புள்ளய நெனச்சி மனசு ஆறாம கீது, யாரும் இன்னான்னு கேட்றாதீங்கன்னு சொல்லிட்டு, அவளே வந்து குந்திக்கினா.”

நாக்கா, நானா, எப்போது... ஹேமாவதி வாயை இறுக மூடிக்கொண்டாள், மூடியபின் நாக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அடுப்பங்கரையில் யுவராணி குழம்பு தாளிக்கும்போது தான் பின்னால் நின்றிருந்தது ஞாபகம் வந்தது, மருமகளை ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததும். போகிற அன்று அரவிந்தனிடம் அந்தப் பெண், ‘அத்த வாயத் தொறந்து ஒண்ணும் சொல்றதில்லீங்க, அதான் என்னால முடியல’ என்று அழுதாளே, அப்போது அது பைத்தியக்காரப் பேச்சாகத்தானே பட்டது. சுலோசனா சொன்னதுபோல இது துக்கம்தானா? துக்கமென்றால், அவன் போவதற்கு முன்னாலேயே இந்த ‘ச்சு’ எப்படி...

“புள்ள பேசிச்சா ஹேமா?” சுலோசனா சுண்டல் தொன்னையை நீட்டிக்கொண்டு நின்றாள். வாராவாரம் கேட்கிற கேள்வி, வாராவாரம் ‘ம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் வழக்கம்.

“இல்லக்கா.”

சுலோசனா அருகில் உட்கார்ந்தாள், மூச்சு வாங்கியது. பதிலுக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்று ஹேமாவதிக்குத் தோன்றியது, உன் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்றாவது... வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். இந்த அக்காவுக்குப் பிள்ளைகள் உண்டா? இத்தனை வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்தும், அது அவளுக்குத் தெரியவில்லை.