வேலம்மாதான் கொலைகாரி

மலை ஜீப்புகளிலிருந்து வந்த முப்பத்தெட்டாவது குரல் பதிவும் வேலம்மாவைத்தான் கொலைகாரி என்றது.

கணவனுடைய கடையின் பின்னறையில், புத்தகக் கட்டுகளுக்கும் ஏலக்காய் மூட்டைகளுக்கும் நடுவே உட்கார்ந்து, மெஹ்ரின் அதைத் திரும்பவும் ஓடவிட்டுக் கேட்டாள். ஜீப்பு கியர் மாற்றும் உறுமல். வாந்தி வருது, ஓரமா நிறுத்தச் சொல்லு என்று ஒரு கிழட்டுக் குரல். எல்லாவற்றையும் மீறி ஒரு இளம்பெண் அடித்துச் சொல்கிறாள்: "கதை எழுதுன அக்காவுக்கு வணக்கம். கொல செஞ்சது வேலம்மா. எங்க ஜீப்புல பதிமூணு பேரும் இதத்தான் சொல்றாக. பரிச எங்களுக்கே குடுத்துருங்க."

வேலம்மா கொலை செய்யவில்லை. அது மெஹ்ரினுக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் வேலம்மாவைப் படைத்ததே அவள்தான்.

'பதினோராம் வளைவு' அவளுடைய முதல் நாவல். எஸ்டேட் முதலாளி ஒருவர் கொலையாகிறார், கொன்றவன் கங்காணி. ஏலக்காய் எடுக்கும் வேலம்மா அவனைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி, அவ்வளவுதான். மூன்று பதிப்பகங்கள் பதிலே போடாததால் தன் வளையலை விற்றுத் தானே அச்சடித்தாள். சின்ன வயதில் வாரப் பத்திரிகைகளைக் கிழிய கிழியப் படித்து வளர்ந்தவளுக்கு விளம்பரம் சொல்லித் தர ஆள் தேவைப்படவில்லை. கடைசி அத்தியாயத்தைப் புத்தகத்தில் சேர்க்கவில்லை. 'கொலையாளி யார்? இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் பரிசு. ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழாவில் கடைசி அத்தியாயம் தனிப் புத்தகமாகக் கிடைக்கும்' என்று பின்னட்டையில் போட்டுவிட்டாள். ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறும் ஜீப்புகளுக்கு ஒரு கட்டு இலவசமாகவும் போனது.

முதல் பத்துப் பேர் வேலம்மா பேரைச் சொன்னபோது மெஹ்ரினுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசகரை எப்படித் திசை திருப்பியிருக்கிறேன் பார் என்று கணவன் சர்ஃபராஸிடம் பீற்றிக்கொண்டாள். இருபது ஆனதும் சிரிப்பு குறைந்தது. இப்போது பயமே வந்துவிட்டது. மதுரை, சென்னை வாசகர்கள் ஆளுக்கொரு பேரைச் சொன்னார்கள்: மானேஜர், மருமகன், டாக்டர். மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் வேலம்மா என்றார்கள். தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த ஜீப்புகளுக்குத் தெரிந்திருக்கிறது. அது ஞாயிற்றுக்கிழமை மேடையில் தெரிய வந்தால், முதல் நாவலே கடைசி நாவலாகிவிடும். இன்று வியாழன். கடைசி அத்தியாயம் நாளை விடிந்ததும் சிவகாசியில் மெஷின் ஏறுகிறது.

மாலை ஐந்து மணிக்கு அவள் ஜீப்பு ஸ்டாண்டில் நின்றாள்.

போடிமெட்டிலிருந்து இறங்கிய வண்டியிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். இடுப்பில் பிளாஸ்டிக் தாள், கையில் தூக்குவாளி, காலில் அட்டை கடிக்காமலிருக்கத் தடவிய புகையிலைக் கறை. குரல் பதிவின் சொந்தக்காரி அனுப்பிரியா, பிளஸ் டூ முடித்தவள். மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் அவள் சத்தமாகப் படிப்பாளாம். அதற்கு மேல் வளைவுகள். படித்தால் தலை சுற்றும். அதனால் கதையைப் பற்றிய சண்டை முழுக்க மலை மேல்தான்.

"யாரு, நம்ம கதக்கார அக்காவா?" சிலமலை ஊர்க்காரி ஞானபாக்கியம் முன்னால் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். "என்னமா ஒளிச்சு வச்சிருக்கீக! மூணாவது அத்தியாயத்துலயே புடிச்சுட்டோம்ல."

"எப்படிக்கா புடிச்சீங்க?" என்றாள் மெஹ்ரின், குரலை எச்சரிக்கையாக வைத்துக்கொண்டு.

"அவதான் போலீசுல சொல்றாளே. காய் எடுத்துக்கிட்டே நிமிந்து பாத்தேன், மூணு மணிக்கு மேட்டுல மொதலாளி மொகம் தெரிஞ்சுச்சு, பின்னாடியே கங்காணி போனான்னு. பச்சப் பொய்யி!"

"ஏன், தெரியாதா?"

ஜீப்பைச் சுற்றி ஒரு சிரிப்பு கிளம்பியது. "இங்கன ஒக்காருங்க," என்றாள் ஞானபாக்கியம்.

"ரோட்டுலயா?"

"ரோட்டுலதான். குத்தவச்சு ஒக்காருங்க. வெரசா."

பர்தாவை ஒதுக்கிக்கொண்டு மெஹ்ரின் குந்தினாள். பெண்கள் நெருக்கமாகச் சூழ்ந்து நின்றார்கள். "நாங்கதான் ஏலச்செடி. ஆள விட ஒசரம். காய் எங்க இருக்கு? தூருல, மண்ணோட மண்ணா. இப்ப காயப் பாத்துக்கிட்டே என் மொகத்தச் சொல்லுங்க பாப்போம்."

மெஹ்ரின் நிமிர்ந்தாள். சேலைகள். அதற்கு மேல் இன்னும் சேலைகள். பக்கத்தில் தெரிந்ததெல்லாம் பித்த வெடிப்பு விழுந்த பாதங்கள்தான்.

"பாம்பு வந்தாத் தெரியும். கங்காணி செருப்புத் தெரியும். மொகம் தெரியுமாக்கும்!" என்றாள் அனுப்பிரியா. "முன்னாடியே செத்த ஆள மூணு மணிக்கு உசுரோட பாத்ததாச் சொல்லி நேரத்த மாத்திட்டா. அப்பன்னா கொன்னது அவதான?"

மெஹ்ரின் எழுந்திருக்கவில்லை. இருபது வருஷமாக ஏலக்காய் விற்கும் வீடு. காயின் கனம் எட்டு மில்லி, ஏழு மில்லி என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லிவிடுவாள். கார் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறாள். உள்ளே போனதில்லை. தேயிலை கிள்ளுகிறவர்களைப் போல வேலம்மாவைத் தலை நிமிர்த்தி நிற்கவைத்து எழுதியிருக்கிறாள்.

"நீங்க தோட்டத்துல வேல பாத்துருக்கீகளா?" என்று கேட்டாள் ஞானபாக்கியம். "இல்லாட்டி இந்தச் சூட்சுமம் எப்படித் தெரியும்?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். தலை ஆடவில்லை.

"தெரியாதுக்கா. தப்பா எழுதிட்டேன். என் கதைல அவ உண்மையத்தான் சொல்றா. கொலகாரன் கங்காணி."

 ஸ்டாண்டே அதிர வெடித்த சிரிப்பில் டிரைவர் சின்னத்துரை டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அந்தப் பயலா? ஒரு நெழலு கறுப்பா விழுந்தாலே மூத்திரம் போறவன்னு நீங்கதான எழுதிருக்கீக? அவன் எங்கிட்டுப் போயி கொல்லுவான்!" என்றாள் ஒருத்தி.

"மாத்திருங்க," என்றாள் ஞானபாக்கியம், விலை பேசி முடித்தவளைப் போல. "கடேசிப் புத்தகம்தான் இன்னும் வரலையே."

"உங்க கூட வேல பாக்குற பொம்பளயவே கொலகாரி ஆக்குனா வருத்தமா இருக்காதா?"

ஞானபாக்கியம் தூக்குவாளியை இடக்கைக்கு மாற்றினாள். "எல்லாக் கதையிலயும் நாங்க அழுகத்தான் வர்றோம். எங்கள்ல ஒருத்தி போலீசையே ஏய்ச்சான்னு இந்த மூணு நாளா எவ்வளவு சந்தோசமா மல ஏறுனோம் தெரியுமா?"

மெஹ்ரின் அங்கேயே சிவகாசிக்குப் போன் போட்டாள். அச்சக வீரையா பெருமூச்சு விட்டது காதில் சுட்டது. "அம்மா, ராத்திரி எட்டரைக்குள்ள வந்தா ஏத்துறேன். ஒரு நிமிசம் தாண்டுனாலும் பழசுதான் ஓடும்."

கடைக்கு ஓடி வந்தவள் புத்தகத்தை விரித்துவைத்து, அடுக்கியிருந்த மூட்டைகளின் மேலேயே லேப்டாப்பை வைத்தாள். பயம் இன்னும் இருந்தது. கடைசி அத்தியாயத்தை மாற்றலாம். விற்றுப்போன பக்கங்களை மாற்ற முடியாதே? வேலம்மா கொன்றாள் என்றால், எதற்குக் கொன்றாள்?

ஏழாம் அத்தியாயத்தில் விரல் நின்றது. வேலம்மாவின் தங்கை போன வருஷம் அதே எஸ்டேட்டில் காணாமல் போனாள் என்று ஒரே ஒரு வரி. படிப்பவர் கண் கலங்கட்டும் என்று போகிறபோக்கில் சேர்த்தது. அதற்கப்புறம் அந்தத் தங்கையை மெஹ்ரினே மறந்துபோயிருந்தாள். வேலம்மா மறந்திருக்கமாட்டாள்.

சத்தமாகவே மூச்சு விட்டாள் மெஹ்ரின். நாவலில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை. எல்லாம் இருக்கிறது. அவளே எழுதி வைத்திருக்கிறாள், தனக்கே தெரியாமல்.

டீ கொண்டுவந்து வைத்த சர்ஃபராஸைப் பார்த்துக் கத்தினாள். "ஏலக்காய் வியாபாரிதானே நீங்க! ரெண்டு தடவ படிச்சீங்களே, காய் தூருல இருக்கும்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"எனக்கு மூட்டைக்கு வந்த பின்னாடிதானடி ஏலக்காயத் தெரியும்," என்றான் அவன், நியாயமாக.

எட்டு இருபத்தாறுக்குக் கோப்பு போனது. பத்து நிமிஷத்தில் வீரையாவே கூப்பிட்டார். "வந்துருச்சும்மா. கடைசிப் பக்கத்த மட்டும் பாத்தேன். நல்லவேள, பழச ஏத்தல." மெஹ்ரின் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்டாண்டுக்குப் போனபோது ஜீப்பு நிறைந்து புறப்படத் தயாராக இருந்தது. ஓடிப்போய்ப் பின்பக்கக் கம்பியைப் பிடித்தாள்.

"யக்கா, மாத்திட்டேன்! உங்க வேலம்மாதான்!"

உள்ளே விசில் பறந்தது.

"ஆனா போலீசுல அவ..."

"சொல்லாதீக!" என்று அலறினாள் ஞானபாக்கியம். "மாட்டுனாளா தப்பிச்சாளான்னு நாங்களே ஞாயித்துக்கெழம படிச்சுக்குறோம். ஏய், காதப் பொத்துங்கடி!"

பதிமூன்று பேரும் தூக்குவாளிகளை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள். சின்னத்துரை வண்டியைச் சட்டென்று எடுத்துத் திருப்பினான். கம்பியைப் பிடிக்கக் கையில்லாமல் அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள், மறுபக்கம் சாய்ந்தார்கள். ஒருத்தியும் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. சிரித்துச் சிரித்து ஆடிக்கொண்டே அந்த ஜீப்பு மலையைப் பார்த்துப் போனது.