தாய்மாமன் கை

எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்கு இரண்டு உரிமை உண்டு. அக்கா தங்கை பிள்ளையைக் கேள்விமுறை இல்லாமல் அடிக்கலாம். அந்தப் பிள்ளை செத்தால் புதுவேட்டி கொண்டுவந்து கோடி போர்த்த வேண்டும். மாமன் கோடி போடாமல் பிணத்தைச் சுடுகாட்டுக்கு எடுக்க முடியாது. முதல் உரிமையை நான் தாராளமாகவே அனுபவித்தவன். எனக்கு வாய்க்கு முன்னால் கை பேசும்.

போன வருஷம் ஆடி மாதம். அக்கா மகன் தனுஷுக்கு இருபத்து நாலு வயது, ஒரகடத்தில் கம்பெனி வேலை. மூங்கில் மண்டபம் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியவன் தள்ளாடினான். நான் என் லோடு வண்டியோடு எதிரே நின்றிருந்தேன். ஒரு கண் மூக்கைப் பார்க்கிறது, நாக்கு குழறுகிறது. பட்டப்பகல். அவன் அப்பன் குடித்தே ஈரல் வெந்து செத்தவன். அந்தப் புத்தி இவனுக்கும் வந்துவிட்டது என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஊத்திக்கினு வரியாடா?" என்று காதோரம் ஒன்று விட்டேன். ரோட்டில் விழுந்தான். எழப் பார்த்தபோது இன்னொன்று.

"குடிக்கல மாமா, குடிக்கல," என்றான். வாயை மோந்துகூடப் பார்க்கவில்லை நான்.

பத்தாம் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைத்தண்டின் நடுவில் கட்டி. கத்தி வைத்தால் மூச்சே நின்றுவிடுகிற இடம். பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கு வருமாம், சில நேரம் பெரியவர்களுக்கும். கரண்டு வைப்பது என்று நாங்கள் சொல்கிற கதிர்வீச்சு சிகிச்சையில் நாலு மாதம் தெளிந்தான். பிறகு அந்தக் கட்டி ஒவ்வொன்றாகப் பிடுங்கியது: கால், கை, விழுங்குவது, பேச்சு. என் அடியால்தான் வந்தது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். டாக்டர் இல்லை என்றார். ஆறுதலுக்கு டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள்.

பேச்சு போவதற்கு முன் ஷாரோன் என்ற பெண் சென்னையிலிருந்து வந்தாள். இந்தக் கட்டியை ஆராய்கிறவள். இறந்த பிறகு மூளையைத் தர முடியுமா என்று தனுஷிடமே நேராகக் கேட்டாள். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் கட்டியின் செல் உயிரோடு கிடைக்கும், அதில் மருந்துகளைச் சோதிக்கலாம் என்றாள். அவளுக்கும் ஒன்று விடலாமா என்றிருந்தது எனக்கு.

தனுஷ் பாதி வாயால் சிரித்தான். "எடுத்துக்கோங்க மேடம். மாமா உட்ட அடி உள்ள இருக்குதான்னு பாத்து அவருக்குச் சொல்லிடுங்க."

கோழி கிளறியதுபோல ஒரு கையெழுத்துப் போட்டான். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அந்த மூளை போக வேண்டும், என் அடி அங்கே இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

சித்திரையில் ஒருநாள் காலை ஏழு மணிக்குப் போய்விட்டான். அக்கா ரேணுகாம்பாள் அழுவதற்கு முன்னால் ஷாரோனுக்கு போன் செய்தாள். உள்ளூர் ஆஸ்பத்திரிப் பிணவறையில் எடுத்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் உடலைத் திருப்பித் தருவதாகப் பேச்சு. பத்து மணிக்கு அவர்கள் வண்டி வந்தபோது, தாமலிலிருந்து தனுஷின் பெரியப்பா வீரபத்திரன் ஆட்களோடு வந்து இறங்கியிருந்தார்.

"புள்ள மண்டைய அறுத்து விக்கறீங்களா?" என்று ஷாரோனின் பெட்டியை எட்டி உதைத்தார். ஐஸ் தெருவெல்லாம் சிதறியது. ஒருவன் இளநீர்க் கத்தியால் டயரைக் கிழித்தான். டிரைவரை இழுத்துப்போட்டு மிதித்தார்கள். குறுக்கே போன ஷாரோனின் கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது.

நான் சும்மா இருப்பேனா? வீரபத்திரனின் வாயில் குத்தினேன். அவர் பல் என் விரல்முட்டியைக் கிழித்தது. அப்புறம் நாலு பேர் என்மேல் ஏறினார்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். மண்ணில் முகம் புதைந்து கிடந்தபோது, "மணி பதினொண்ணு!" என்று ஷாரோன் கத்தினாள். இன்னும் இரண்டு மணி நேரம்தான். இது என் கையால் ஆகிற காரியமில்லை என்று ஜென்மத்தில் முதல் தடவையாகப் புரிந்தது.

தவழ்ந்து போய்த் தட்டிலிருந்த கோடி வேட்டியை எடுத்தேன். அதை வயிற்றுக்கடியில் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

"இப்ப எடுங்கய்யா பொணத்த," என்றேன். "அவன் சொன்னது நடக்காம நான் கோடி போட மாட்டேன். நாளைக்கு ஆனாலும் சரி, நாறனாலும் சரி."

முதுகில் உதைத்தார்கள். வேட்டியை விடவில்லை.

"வேற வேட்டி வாங்கியாந்து யாராச்சும் போடுங்கப்பா," என்றார் வீரபத்திரன், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே.

ஒருவரும் அசையவில்லை. ஆளைக் கொல்லத் துணிந்தவர்கள் அதற்குத் துணியவில்லை. மாமன் உயிரோடு இருக்க வேறொருவன் கோடி போட்டால் வம்சம் விளங்காது என்ற பயம்.

அக்கா எழுந்து வந்தாள். "ராமராஜா, உன் வண்டிய எடு. எம்புள்ளைய நானே கொண்டும்போறேன். தடுக்கறவன் மொதல்ல என்மேல கை வைக்கட்டும்."

விலாவைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். பன்னிரண்டேகாலுக்குப் பிணவறைக்குள் கொண்டுபோனார்கள். நாலு மணிக்குத் தலையில் துணி கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். முகம் அப்படியே இருந்தது. கோடி போர்த்தினேன். வேட்டியில் என் ரத்தம் ஒட்டியிருந்தது.

ஆவணியில் ஷாரோன் போன் செய்தாள். செல் நன்றாக வளர்கிறது என்றாள்.

"அவனக் கொன்னது இன்னும் உயிரோடவா இருக்குது?" எனக்குக் கை பரபரத்தது.

"கொல்றதுக்குத்தாண்ணா வளக்கறோம். பத்து மருந்து குடுத்துப் பாத்தாச்சு. ஒண்ணுக்கு மட்டும் கொஞ்சம் சாவுது."

"உடாதீங்கமா," என்றேன். அப்புறம், கேட்க வேண்டியதைக் கேட்டேன். "என் அடி உள்ள இருந்துதா?"

"இல்லண்ணா. இது அடியால வர்ற நோயே இல்ல. நீங்க அடிக்கறதுக்கு முன்னாடியே அது உள்ள இருந்துது. அதனாலதான் அன்னிக்குத் தள்ளாடியிருக்காரு."

இதைக் கேட்கத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன். கேட்டதும் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணா? லைன்ல இருக்கீங்களா?"

"குடிக்கலன்னு சொன்னாம்மா," என்றேன். "ரெண்டு தடவ சொன்னான்."