நாலு விரல் உயரம்

காலையில் போனபோது அக்கா வீட்டு வாசலில் வண்டி இடது பின்பக்கம் மட்டும் உட்கார்ந்திருந்தது. பதினாறு வயதான சொகுசு வண்டி, காடு மேடு ஏறவென்று செய்தது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சக்கரத்துக்கு ஒரு காற்றுப்பை. நாலுக்கும் காற்றடிக்க ஒரு கம்ப்ரஸர். பொத்தானை அழுத்தினால் வண்டி நாலு விரல் தாழும். இடுப்பில் தகடு வைத்த பிறகு அக்காவால் சின்னக் கார்களுக்குள் குனிந்து உட்கார முடியாது, உயரமான வண்டிகளில் காலைத் தூக்கி வைக்கவும் முடியாது. யார் கையையும் பிடிக்காமல் அவள் ஏறுகிற வண்டி இது ஒன்றுதான்.

மாமா முடிவே கட்டிவிட்டார்.

"போதும்மா இந்தக் காத்து விவகாரம். நாலு பக்கமும் இரும்பு ஸ்பிரிங் போட்டுடலாம், சாயங்காலம் ஆள் வர்றான். தாழாட்டி என்ன? இவள நான் தூக்கி உட்கார வெக்க மாட்டேனா?"

"மூட்டையா நான்?" என்றாள் அக்கா. கேட்டது அவரை; பார்த்தது என்னை.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க மாமா."

எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. பதினொரு வருஷமாகச் சொந்தமாக மெக்கானிக் பட்டறை நடத்துகிறவளுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி? இரண்டு மாதம் முன்பு அந்தப் பக்கத்துப் பையை மாற்றியதே நான்தான். அதனால் குற்றம் பையில் இருக்காது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். எஞ்சினை ஓடவிட்டுக் காற்றேற்றினேன். வண்டிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் படுத்து, வால்வு, குழாய், மூட்டு என்று ஒன்று விடாமல் சோப்பு நுரை தடவினேன். ஒரு குமிழ்கூட இல்லை. கடைசியில் வேண்டாவெறுப்பாகப் பையின் மேலும் தடவினேன். மடிப்பில் குட்டிக் குட்டியாக நுரை பொங்கியது.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. புதுப் பையில் காற்று நிரப்பிய பிறகுதான் ஜாக்கியை இறக்க வேண்டும். அன்று அவசரத்தில் வெறும் பைமேல் வண்டியின் பாரத்தை இறக்கிவிட்டேன். ரப்பர் கோணலாக மடிந்து, அந்த மடிப்பிலேயே விரிசல் விட்டிருக்கிறது. வெட்கத்தில் காது சுட்டது.

"என்ன, மட்டமான பையக் குடுத்துட்டானா?" என்று மாமாவே எனக்குத் தப்பிக்க வழி காட்டினார்.

"பை நல்ல பைதான் மாமா. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்."

"அப்போ உன்ன நம்பி மறுபடியும் எப்படிம்மா?"

அக்கா சிரித்துவிட்டாள். "இவளே போடட்டும். இப்பப் பயந்துக்கிட்டே போடுவா."

அன்று ஜோடியாக வாங்கியதில் மற்றது பட்டறையில் இருந்தது. எடுத்து வந்து மாட்டினேன். காற்று முழுக்க நிரம்பி, மடிப்பு வட்டமாக உருண்டு வந்ததைக் கைவிரலால் தடவிப் பார்த்த பிறகே ஜாக்கியை இறக்கினேன். சக்கரத்துக்கு மேலே வண்டியின் விளிம்பு நிற்கும் உயரத்துக்குப் பக்கத்துச் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். "இந்தக் கோட்டுக்குக் கீழ ஒரு நூல் எறங்குனாலும் இரும்பே போட்டுக்குங்க" என்றேன். பயம் இருந்தது, ஆனால் சரியாகச் செய்திருக்கிறோம் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் ஸ்பிரிங்கோடு வந்த ஆள் தானே குனிந்து கோட்டைப் பார்த்தார். விளிம்பு அங்கேயே நின்றது. "இதக் கழட்டறது பாவங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியைத் திருப்பினார்.

அக்கா உள்ளே கைவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். வண்டி மெல்லப் பெருமூச்சு விட்டு, நாலு பக்கமும் ஒரே சீராகத் தாழ்ந்தது. மாமா பழக்கத்தில் கையை நீட்டினார். நீட்டிய கையில் ஊன்றுகோலை மாட்டிவிட்டு, அக்கா பின்பக்கமாகத் திரும்பி இருக்கையில் உட்கார்ந்தாள். இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, கதவைத் தானே சாத்தினாள்.