பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழன் காலையில், மாதா கோயிலில் மணியடிக்கிற கப்பியார் லோனன் என் வீட்டுப் படி ஏறினான். கோயில்காரர்கள் என்னைத் தேடி வந்து நல்லது நடந்ததில்லை.

"பொறிஞ்சேட்டா, சாயங்காலம் கால் கழுவுற சடங்குக்கு ஒரு ஆள் குறையுது."

"யாரு வரலைன்னாங்க?"

"மர மில்லு வறீது. முட்டி வலியாம்."

"எத்தனாவது நாற்காலி?"

லோனன் மாமரத்தைப் பார்த்தான். "பன்னெண்டு."

பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்காகப் பன்னிரண்டு ஆண்களைப் பீடத்தின் முன் உட்கார வைத்து, கர்த்தர் கடைசிப் பந்தியில் கழுவியதுபோல், பாதிரியார் அச்சன் கால் கழுவுவார். நாற்காலியில் பெயர் எழுதி ஒட்டுவதில்லை. ஆனாலும் கடைசி நாற்காலி காட்டிக்கொடுத்த யூதாசுடையது என்று எங்கள் கோயில் பங்கில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதில் உட்கார்ந்தவனை வருஷம் முழுக்கச் சாயாக்கடையில் "யூதாசே, சாயா குடிச்சியா?" என்பார்கள். வறீதின் முட்டி வலி அந்த வலிதான்.

மற்றவனுக்கு ஒரு வருஷத்துக் கேலி. எனக்கு முப்பத்தெட்டு வருஷம். கூரை ஓட்டுக் கம்பெனி வேலைநிறுத்தத்தில், என்னோடு வேலை செய்த இட்டூப்பு ஒளிந்திருந்த இடத்தைப் போலீசுக்குச் சொன்னவன் நான். அடி தாங்காமல் சொன்னேன். தாங்கியிருப்பேன் என்கிறவன் என்னிடம் வந்து பேசட்டும். இட்டூப்பு ஏழு மாதம் உள்ளே கிடந்தான். அன்றோடு பொறிஞ்சு என்ற பெயர் போய், நான் காட்டிக்கொடுத்தவன் ஆனேன்.

லோனன் போனதும் மனைவி கொச்சன்னத்திடம் கத்தினேன். "ஊரே கூடிப் பொருத்தமான ஆளைப் பிடிச்சிருக்கு. நான் போகல."

அவள் அன்று ராத்திரி வீட்டில் பிட்டுச் சாப்பிடுகிற பெசஹா அப்பத்துக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். "வீட்ல இருந்தா மட்டும் வேற பேரா சொல்லப்போறாங்க? போனா காலாவது சுத்தமாகும். நகத்தப் பாருங்க, மண்வெட்டி மாதிரி."

போனேன். அவள் சொன்னதற்காகப் போனேன் என்று எழுதினால் பொய். நான் யூதாசுதானா இல்லையா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது.

பதினோராவது நாற்காலியில் இட்டூப்பு. இத்தனை வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் நாங்கள் உட்கார்ந்ததில்லை.

அச்சன் மண்டியிட்டு, மற்றவர்களுக்கு ஊற்றிய அதே செம்பிலிருந்து என் காலிலும் ஊற்றினார். துடைத்தார், முத்தமிட்டார். முகம் சுளிக்கிறாரா என்று உற்றுப் பார்த்தேன். சுளிக்கவில்லை. அன்றைக்கு யூதாசின் காலும் இப்படித்தான் நனைந்திருக்கும். கர்த்தர் ஆள் தெரியாமலா கழுவினார்?

இட்டூப்பு திரும்பாமலே முணுமுணுத்தான். "என்னடா, இன்னும் உக்காந்திருக்க? உன் ஆளு யூதாசு இந்நேரம் பந்தியிலேருந்து எழுந்து போயிருக்கணுமே."

"அவன் போனான். நான் போகல."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. செய்தது செய்ததுதான், எந்தத் தண்ணீரும் அதை இல்லையென்று ஆக்காது. ஆனால் யூதாசும் போகாமல் உட்கார்ந்திருந்தால் கர்த்தர் அவனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். எனக்கு மிச்சமிருக்கிற காலத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. எழுந்து போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை ஒருநாளும் நான் சொல்லாதது.

"இட்டூப்பே, நான் பண்ணது தப்புடா."

அவன் தொண்டையைக் கனைத்தான். "பூசை நடக்குது. வாயை மூடு."

பாட்டு ஒன்று பாடி முடித்தார்கள். அப்புறம் அவனே சொன்னான்.

"முடிஞ்சதும் வெளிய நில்லு. ஓடிராத."

நின்றேன்.